களைத்து வரும் நாளிலும் நடக்கிற பழக்கங்கள்

வார்டில் ஒரு நோயாளியின் சிறுநீரகமோ இதயமோ தடுமாறும்போது, கட்டிலின் காலடியில் ஒரு தாளைத் தொங்கவிடுவோம். இன்டேக் அவுட்புட் சார்ட் என்று அதற்குப் பெயர். குடித்த தண்ணீரும் நரம்பில் ஏறிய திரவமும் ஒரு பக்கம். உடலைவிட்டு வெளியேறியதெல்லாம் மறுபக்கம். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டிப் பார்ப்போம். 'நிறையக் குடித்தார்', 'கொஞ்சம்தான் போனது' என்றெல்லாம் அதில் எழுத முடியாது. மில்லி லிட்டர் கணக்கில் எழுத வேண்டும். 19 ஆண்டுகளாக இந்தத் தாளை நிரப்பி வருகிறேன். வீட்டின் குப்பைக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று தோன்ற எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

அதற்கு முன்பு நான் எப்படித் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அப்படித் தொடங்காமல் இருப்பதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக உட்கார்ந்து 12 தீர்மானங்களை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். உரம் போடுவது, பிளாஸ்டிக்கை நிறுத்துவது, விளக்கை அணைப்பது, தண்ணீரைச் சேமிப்பது என்று எல்லாமே ஒரே நாளில். மூன்று வாரம் நன்றாக நடந்தது. நான்காவது வாரம் எனக்கு இரவுப் பணி வந்தது. காலை எட்டு மணிக்கு, நிற்கவே முடியாத கால்களோடு வீட்டுக்குள் நுழைந்தவளுக்கு அந்தத் தாளைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் 12 தீர்மானங்களும் போய்விட்டன.

அதிலிருந்து எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. இன்றுவரை எந்தப் புதிய பழக்கத்தையும் அதில் வைத்துத்தான் பார்க்கிறேன்: இரவுப் பணி முடித்து வந்த காலையில் இதைச் செய்வேனா? மாட்டேன் என்றால் குறை அந்தப் பழக்கம் அமைந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. தூரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது பொருளை இடம் மாற்ற வேண்டும். அல்லது அந்த வேலையையே இன்னும் சிறியதாக்க வேண்டும்.

யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை வைத்து, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. என்னைத் தேற்றியது அந்தக் கடைசி முடிவுதான். 66 நாளுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஓராண்டில் ஐந்து பழக்கங்கள் ஊன்றிவிடும். ஐந்து போதும், சரியான ஐந்தாக இருந்தால்.

முதல் வாரம் அளப்பது மட்டும்

எது சரியான ஐந்து என்று ஊகிக்காதீர்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள். தேவையானவை ஒரு சமையலறைத் தராசு, பிடித்துத் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு, அளவுக் குவளை, ஒரு தாள், ஒரு பேனா. தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா தேடும் வீட்டில் கணக்கு எழுதப்படாது.

எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், கணவர், 13 வயது மகள், அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த முதல் வாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வெளியேறிய குப்பை 9.4 கிலோ. அதில் 5.8 கிலோ சமையலறை ஈரக் கழிவு. காகிதம், அட்டை, பாட்டில் எல்லாம் சேர்ந்து 2.4 கிலோ. மீதி 1.2 கிலோவில் மெல்லிய பிளாஸ்டிக் உறைகளும் எதிலும் சேராதவையும் இருந்தன. நான் பல மாதமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அந்த 1.2 கிலோவைப் பற்றி. பக்கத்திலேயே 5.8 கிலோ இருந்ததைக் கண் பார்த்ததே இல்லை.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலக வீடுகளில் ஓர் ஆளுக்கு 79 கிலோ உணவு வீணானதாகச் சொல்கிறது. தோல், எலும்பு போன்று தின்ன முடியாத பகுதிகளும் அந்தக் கணக்கில் சேரும். நான்கு பேருக்கு வாரக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய 6 கிலோ. எங்கள் வீடு உலகச் சராசரியை ஒட்டியே நின்றது.

அந்த ஈரக் கழிவை அத்தையும் நானும் கையுறை போட்டுக்கொண்டு ஒரு நாள் பிரித்துப் பார்த்தோம். அதில் 1.6 கிலோ நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டிருக்கக்கூடிய உணவு. கெட்டுப்போன கீரை, மறந்துபோன கிண்ணங்கள், பாதி வெட்டி வைத்த காய்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபிரிட்ஜில் ஒரு தட்டு

எங்கள் முதல் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. கண் மட்டத்தில் இருக்கும் தட்டை முழுவதும் காலி செய்தோம். 'முதலில் இது' என்று எழுதி ஒட்டினோம். மீந்த உணவு, பாதி வெட்டிய காய், இரண்டு நாளில் கெடப்போவது என எல்லாம் அந்தத் தட்டில் மட்டும். சமைக்கும் முன் அந்தத் தட்டைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விதிக்கு மேல் எதுவும் வைக்கவில்லை. இரவுப் பணி முடித்து வந்து பசியோடு கதவைத் திறக்கும்போது, கண்ணுக்கு நேராக இருப்பதைத்தான் கை எடுக்கும். களைப்பே இந்தப் பழக்கத்துக்கு உதவி செய்கிறது.

மீந்த உணவை ஒளி புகும் பாத்திரத்தில் வையுங்கள். எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாது. எவர்சில்வர்தான் இருக்கிறது என்றால், ஒரு துண்டு ஒட்டும் நாடாவில் தேதியை எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். வார்டில் திறந்த மருந்துப் புட்டி ஒவ்வொன்றிலும் நாங்கள் தேதி எழுதுவோம், அதே வேலைதான்.

செவிலியராக இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உணவை வீணாக்கக் கூடாது என்பதற்காகக் கெட்ட உணவைச் சாப்பிடாதீர்கள். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஃபிரிட்ஜின் உட்புறம் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். 5-க்கும் 60-க்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தில் மொத்தமாக வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். மீண்டும் சூடாக்கும்போது நன்றாக ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். வாந்தி பேதியோடு வந்து படுக்கும் குழந்தையைப் பார்த்தவள் நான். சந்தேகம் வந்தால் அது உரத் தொட்டிக்குப் போகட்டும்.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதிகளிலும் இரண்டு வகை உண்டு. 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. அது தாண்டிய மறுநாளே பொருள் நஞ்சாகிவிடாது. முகர்ந்து, பார்த்து முடிவு செய்யலாம். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக' என்பது பாதுகாப்பைப் பற்றியது. அதோடு பேரம் பேசக் கூடாது.

இன்னொரு சின்ன மாற்றம் எங்கள் வீட்டில் எதிர்பாராத பலனைத் தந்தது. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கீரையும் இலைக் காய்களும் அதனால் சீக்கிரம் மஞ்சளாகி வாடும். இரண்டையும் பிரித்து வைத்தோம். கீரையைக் கழுவாமல், ஓர் உலர்ந்த துணியில் சுற்றி வைக்கிறோம். இரண்டு மாதம் கழித்து மறுபடி எடை போட்டபோது, 1.6 கிலோ என்றிருந்த வீண் உணவு 0.4 கிலோவாக இறங்கியிருந்தது. நான் செய்ததிலேயே பெரிய மாற்றம் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அந்த உணவை விளைவிக்கப் பாய்ச்சிய தண்ணீர், ஏற்றிவந்த வண்டியின் எரிபொருள், நம் வீட்டு அடுப்பு எல்லாம் அந்த 1.6 கிலோவுக்குள் இருந்தன.

தோலும் தண்டும் போகுமிடம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் காய்கறித் தோல், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை வந்துகொண்டேதான் இருக்கும். குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகும்போது இவை மீத்தேனை வெளிவிடுகின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. அதே தோல் காற்றோட்டத்தோடு மட்கினால் மண் ஆகிவிடும். வேறுபாடு காற்றில்தான் இருக்கிறது. உரம் போடுவது பற்றி நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வருகிறது.

என் முதல் தொட்டி நாறியது. அழுகிய முட்டை வாசனை, நெளியும் புழுக்கள், அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர். கணவர் அதைப் புதைத்துவிட்டு வந்தார். நான் வெறும் ஈரக் கழிவை மட்டும் போட்டு அடைத்திருந்தேன். அது தன் கனத்திலேயே அமுங்கிக் காற்றைத் துரத்திவிட்டது. மட்கு நன்றாக நடக்க ஈரமான பச்சைக் கழிவோடு உலர்ந்த பழுப்புக் கழிவும் வேண்டும். காய்ந்த இலை, கிழித்த அட்டை, மரத்தூள் இவைதான் பழுப்பு. கரியும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும் என்பார்கள். வீட்டில் யாரும் அதை அளக்க முடியாது. ஒரு கை பச்சைக்கு இரண்டு கை பழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

இரண்டாம் முறை, மூடியிலும் பக்கவாட்டிலும் அடியிலும் துளைகள் போட்ட மூன்று தொட்டிகள் வைத்தோம். ஒன்று நிறையும்வரை மற்றவை காத்திருக்கும். நிறைந்தது ஓரமாக மட்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கம்பியால் கிளறிவிடுவோம். உள்ளிருப்பதை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்துவைத்த ஸ்பாஞ்ச் போல ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அழுகிய முட்டை வாசனை வந்தால் காற்று போதவில்லை. கிளறி, அட்டையைக் கிழித்துப் போடுங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் பச்சை அதிகம். அதற்கும் பழுப்புதான் மருந்து. ஒன்றுமே நடக்காமல் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பழ ஈ வந்தால் மேலே ஒரு கனமான உலர்ந்த அடுக்கைப் பரப்பினால் போதும். இறைச்சி, எண்ணெய், பால் பொருள்களை இந்தச் சிறிய தொட்டியில் போடாதீர்கள். எலியை அழைப்பது போல ஆகும்.

இத்தனை சரியாகச் செய்தும் இரண்டாம் முயற்சியும் ஒரு கட்டத்தில் தளர்ந்தது. தொட்டிகளை மாடியில் வைத்திருந்தோம். இரவுப் பணி வாரத்தில் அந்த 18 படிகளை ஏற நான் தயாராக இல்லை, மற்றவர்களும் ஏறவில்லை. தொட்டிகளைப் பின்கதவை ஒட்டிக் கொண்டுவந்தோம். காய்ந்த இலை நிறைந்த சாக்கு அவற்றை ஒட்டியே இருக்கிறது, எடுக்க இரண்டு அடிகூட வைக்க வேண்டாம். அதன் பிறகு ஒரு நாள்கூட நின்றதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன், உரத் தொட்டி எந்த வகை என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இடமே இல்லாத வீடு என்றால், ஈரக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பக்கத்தில் உண்டா என்று விசாரியுங்கள். பிரிப்பதுதான் முதல் வேலை. கலந்துபோன குப்பையை யாராலும் காப்பாற்ற முடியாது.

சூடு இருக்குமிடத்தில் செலவும் இருக்கும்

மின்சாரத்துக்கு வருகிறேன். மகள் ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, யாருமே வீட்டில் இல்லாதபோது மீட்டர் ஓடுமா?" நாங்கள் நால்வரும் 6 மணி நேரம் வெளியே போன நாளில், கதவைப் பூட்டும் முன்பும் திரும்பிய உடனும் மீட்டரைக் குறித்தாள். 0.9 யூனிட் ஓடியிருந்தது. அதாவது ஆளில்லாத வீட்டில் சராசரியாக 150 வாட் எரிந்துகொண்டிருந்தது. ஃபிரிட்ஜுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் மீதி எங்கே? தேடினோம். அணைக்காமல் விட்ட கெய்சர், ஆறும் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பழைய கணினி, டிவியின் பெட்டி, ஒலிபெருக்கி எல்லாம் சிவப்பு விளக்கோடு விழித்திருந்தன. கெய்சரை அணைத்து, மற்றவற்றை ஒரே சுவிட்ச் உள்ள நீட்டிப்புப் பலகையில் இணைத்த பிறகு அதே 6 மணி நேரத்துக்கு 0.4 யூனிட் வந்தது. இந்தச் சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள். செலவே இல்லை.

கெய்சரைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு ஒரு கணக்கு பிடித்துக்கொண்டது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோ ஜூல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோ ஜூல். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய கால் யூனிட் போதும். எங்கள் ஷவரின் கீழே 10 லிட்டர் வாளியை வைத்தபோது 65 விநாடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 9 லிட்டர். 10 நிமிடக் குளியல் என்றால் 90 லிட்டர், ஒன்றரை யூனிட்டுக்கு மேல். அந்த ஒரு குளியலின் மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு 170 மணி நேரத்துக்கு மேல் எரியும். இத்தனை நாளும் விளக்கை அணைக்கச் சொல்லி மகளைத் துரத்தியிருக்கிறேன். வெந்நீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே சூடாக்கும் பொருள்களை முதலில் பாருங்கள்: கெய்சர், இஸ்திரிப்பெட்டி, துணி உலர்த்தி, அடுப்பு. கெய்சரைக் குளிப்பதற்குக் கொஞ்சம் முன்பு போட்டு, குளிக்கப் போகும்போதே அணைத்துவிடலாம். வெப்பநிலையைத் திருகும் வசதி இருந்தால் 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம். வெதுவெதுப்பான சேமிப்புத் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரக்கூடும். வாஷிங் மெஷினில் அன்றாடத் துணிக்கு 30 டிகிரியோ குளிர்ந்த நீரோ போதும். மெஷின் நிறைந்த பிறகு ஓட்டுங்கள். வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ இருந்தால் அந்த விரிப்புகளை மட்டும் 60 டிகிரியில் துவையுங்கள். அதில் மிச்சம் பார்க்கக் கூடாது.

அடுப்பில் செய்ய வேண்டியவை எளியவை. மூடி போட்டுச் சமையுங்கள். தண்ணீர் கொதித்த பிறகு தீயைக் குறையுங்கள். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, ஆவிதான் அதிகமாகும். பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரி வரை ஏறுவதால்தான் அதில் சீக்கிரம் வேகிறது. பருப்பு, பயறு வகைகளை முந்தின இரவே ஊறவையுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டி வெளியே வரக் கூடாது.

மின்விசிறி ஆளைத்தான் குளிர்விக்கிறது, அறையை அல்ல. ஆளில்லாத அறையில் அது ஓடுவதில் பயனே இல்லை. 60 வாட் குண்டு பல்பு இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். 9 வாட் எல்இடி அதே வெளிச்சம் தரும். ஆனால் மாற்றிய பிறகு 'இது கொஞ்சம்தானே இழுக்கும்' என்று நாள் முழுக்க எரியவிடும் ஆசை வரும். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் 1865-லேயே இதைக் கவனித்தார்: நீராவி இயந்திரங்கள் சிக்கனமானபோது நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது. எல்இடி மாற்றிய மூன்றாம் மாதம் மீட்டரை மறுபடி பாருங்கள்.

எல்லாக் கணக்கும் குறைய வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கணவருக்கு முதுகுவலி. வெந்நீர் அவருக்கு மருந்து. அந்த வரியில் நான் கை வைக்கவில்லை. அத்தையின் அறையிலிருந்து குளியலறைவரை இரவு முழுவதும் சிறிய விளக்குகள் எரிகின்றன. இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை எத்தனையோ இரவுகள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரை வாட் மிச்சம் பிடிக்க அந்த விளக்கை அணைக்கச் சொல்லும் எந்த அறிவுரையையும் கேட்காதீர்கள்.

தண்ணீர்

இதில் பெரிய வேலை கசிவைப் பிடிப்பது. சொட்டும் குழாயின் கீழே அளவுக் குவளையை ஒரு மணி நேரம் வையுங்கள். எங்கள் கொல்லைக் குழாயில் 180 மில்லி சேர்ந்தது. நாளைக்கு 4.3 லிட்டர், ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். வாஷரை மாற்றினோம், நின்றது. கழிப்பறையின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. ஃபிளஷ் தொட்டியில் உணவு நிறமூட்டியைச் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள் அடைப்பான் பழுதாகிவிட்டது. தொட்டி பழைய பெரிய வகையாக இருந்தால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி மூடி உள்ளே வைக்கலாம். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு லிட்டர் மிஞ்சும். மிதவையில் அது இடிக்கக் கூடாது. செங்கல் வைக்காதீர்கள், கரைந்து உள்பாகங்களைக் கெடுக்கும். பாட்டில் வைத்த பிறகு இரண்டு முறை தண்ணீர் விட வேண்டியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

வாங்காமல் தொடங்குவது

வீட்டை மாற்றப்போகிறேன் என்று முடிவெடுத்தவுடன் கை கடைப் பக்கம் போகும். மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி, அழகான துணிப்பை. நிறுத்துங்கள். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு சாதாரண பருத்திப் பை, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வர, பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால் 52 முறையும், எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறையும் பயன்பட வேண்டும். பருத்தி விளைய அவ்வளவு தண்ணீரும் நிலமும் உரமும் போகின்றன. துணிப்பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பைகளைக் கிழியும்வரை தூக்குங்கள் என்கிறேன். ஒன்றை வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், இன்னொன்றை வெளியே எடுத்துப்போகும் பைக்குள் மடித்து வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாக்களையும் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி வாங்காதீர்கள். இருக்கும் டப்பாவில் ஆறிய பொருள்களை வைத்துக்கொள்ளலாம்.

மறுசுழற்சியை நம்பி வாங்குவதும் வேண்டாம். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சி ஆனது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மறுசுழற்சிக்குக் கொடுப்பதைக் கழுவி உலர்த்திக் கொடுங்கள். எண்ணெய் படிந்த ஒரு டப்பா பக்கத்தில் இருக்கும் காகிதத்தையெல்லாம் கெடுத்துவிடும்.

துணியில் அத்தைதான் எங்களுக்கு வழிகாட்டி. பொத்தான் விழுந்த சட்டை, பிரிந்த தையல், தேய்ந்த முழங்கால் எல்லாம் ஒரு கூடையில் சேரும். மாதம் ஒரு மதியம் அவரும் மகளும் உட்கார்ந்து தைப்பார்கள். ஊசி, நூல், பொத்தான் அந்தக் கூடைக்குள்ளேயே இருக்கின்றன.

சுத்தம் செய்யும் பொருள்களில் மட்டும் என்னைக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச விடுங்கள். வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று வினிகரையும் சமையல் சோடாவையும் கலக்கச் சொல்வார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, நுரைத்து அடங்கி, மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். தனித்தனியே பயன்படுத்தினால் இரண்டும் நல்லவை: உப்புக் கறைக்கு வினிகர், தேய்த்துத் துலக்கச் சோடா. ஆனால் ப்ளீச்சுடன் வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். அம்மோனியாவுடன் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூச்சு அடைத்து அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் நல்ல எண்ணத்தோடு குளியலறை கழுவியவர்களும் உண்டு.

காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். ஆன்டிபயாடிக் மிச்சம் தண்ணீரில் கலந்தால் மருந்துக்கு மசியாத கிருமிகள் உருவாக அது துணைபோகும். மருந்துக்கடையோ மருத்துவமனையோ திரும்ப வாங்கிக்கொள்கிறதா என்று கேளுங்கள். பழைய குழல் விளக்கிலும் சிஎஃப்எல் விளக்கிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், பிறகு கையுறையோடு அள்ளுங்கள், துடைப்பத்தால் கூட்ட வேண்டாம். பேட்டரிகளுக்கு ஒரு தனி டப்பா. லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

வீட்டாரிடம் எப்படிச் சொல்வது

முதல் முறை தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 12 தீர்மானங்களும் என்னுடையவை. மற்ற மூவரும் அவற்றைச் சுவரில்தான் முதலில் பார்த்தார்கள். இந்த முறை யாருக்கும் கட்டளை போடவில்லை, தாளை மட்டும் ஒட்டினேன். மீட்டர் கணக்கு மகளுடையது. ஃபிரிட்ஜ் தட்டும் தையல் கூடையும் அத்தையுடையவை. தொட்டியைக் கிளறுவதும் கசியும் குழாயும் கணவருக்கு. ஆளுக்கொரு வரி என்று ஆன பிறகு ஒருவரை ஒருவர் திருத்த வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. ஒரு வாரம் எண் ஏறினால் யாரையும் கேட்பதில்லை. அடுத்த வாரம் பார்ப்போம். வார்டிலும் எண் ஏறினால் நோயாளியைக் கடிந்துகொள்வதில்லை, காரணத்தைத் தேடுவோம்.

எட்டு மாதம் ஆகிறது. நான்கு பழக்கங்கள் யாரும் நினைவூட்டாமல் நடக்கின்றன: ஃபிரிட்ஜ் தட்டு, உரத் தொட்டி, கெய்சர், வாசலில் மாட்டிய பை. ஈரக் கழிவு எதுவும் வெளியே போவதில்லை. முதல் தொட்டியின் உரம் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணைப் போல மணக்கிறது. அத்தை அதைத் தன் செடிகளுக்கு மட்டும்தான் தருவேன் என்கிறார். எதிலும் சேராத குப்பை 1.2 கிலோவிலிருந்து 0.7 கிலோவுக்கு இறங்கி, ஒரு மாதமாக அங்கேயே நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் மெல்லிய உறைகள். அடுத்த வாரம் அவற்றை மட்டும் தனிப் பையில் சேர்க்கிறோம். எந்த உறை எந்தப் பொருளோடு வீட்டுக்குள் வந்தது என்று எழுத, மகள் தாளில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறாள்.